வீட்டில் கார் பேட்டரிக்கு சார்ஜ் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேட்டரி வேலை பார்த்து வருகிறேன். பொங்கலை ஒட்டியும் பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரமும் போன் ஓயாது. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். கார் ஊர் வீட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும். லீவுக்கு வந்தவர்கள் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பி, பொங்கல் பானை முதல் விறகு வரை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்பதோடு சரி. "அண்ணாச்சி, செல்ஃப் எடுக்க மாட்டேங்கு. வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கிடலாமா?" என்று கேட்பார்கள்.

போட்டுக்கொள்ளலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை, அவசரப்பட்டால்தான் ஆபத்து. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே பெட்ரோல், டீசல் கார்களில் இருக்கும் 12 வோல்ட் ஆசிட் பேட்டரிக்கு உரியவை. மின்சாரக் காரை ஓட்டுகிற பெரிய பேட்டரி வேறு ரகம். அதன் பக்கம் போகாதீர்கள்.

பேட்டரி இறங்கிவிட்டதா, வேறு கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பானட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் கையால் அசைத்துப் பாருங்கள். சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர் பேட்டரியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ். காரில் மைனஸ் கிளாம்ப் லூசாகி வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்திருக்கிறது. பத்து கிலோ சுமையை வெயிலில் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான் மிச்சம்.

டெர்மினல் இறுக்கமாக இருந்தால் அடுத்தது மல்டிமீட்டர். எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள். வண்டியை நிறுத்தி நாலைந்து மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

10.5 பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, சார்ஜ் போட்டும் மேலே ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு செல் போய்விட்டது. உள்ளே ஆறு செல்கள், ஒன்றுக்கு 2.1 வோல்ட். ஒன்றைக் கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். அதற்கு சார்ஜர் மருந்தாகாது.

பேட்டரி மேல் சின்னதாகக் கண்ணாடிக் கண் மாதிரி ஒன்று இருக்கிறதே?

பச்சை தெரிந்தால் சார்ஜ் இருக்கிறது. கறுப்பு என்றால் சார்ஜ் போட வேண்டும். வெள்ளையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ தெரிந்தால் உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது, அந்த நிலையில் சார்ஜ் போடாதீர்கள். ஆனால் அந்தக் கண் ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான் மீட்டரைத்தான் நம்புவேன்.

எந்த சார்ஜர் வாங்குவது?

பேட்டரி மேல் 35 ஏ.எச்., 45 ஏ.எச்., 65 ஏ.எச். என்று ஏதாவது எழுதியிருக்கும். ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியில் எவ்வளவு பிடிக்கும் என்கிற அளவு. அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் நிதானமான சார்ஜ். சின்ன பெட்ரோல் காரின் 35 ஏ.எச். பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். 65 ஏ.எச். என்றால் ஆறு, ஆறரை. குறைவாகக் கொடுத்தால் நேரம் கூடும், வேறு கெடுதல் இல்லை. கூடுதலாகக் கொடுத்தால் பேட்டரி சூடாகி, உள்ளே இருக்கும் ஈயப் பிளேட் நெளிந்து, ஆயுள் குறையும்.

நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் சார்ஜர்தான் வீட்டுக்கு நல்லது. முதலில் முழு ஆம்பியரும் கொடுக்கும், 14.4 வோல்ட்டைத் தொட்டதும் கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், கடைசியில் 13.5 பக்கம் வந்து சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். தகரப் பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர் வைத்து, முன்னால் ஒரு முள் மீட்டரோடு விற்கிற பழைய மாதிரி சார்ஜர் எங்கள் கடையிலும் இருக்கிறது. நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அது சரி. அது தானாக நிற்காது. மாட்டிவிட்டு நீங்கள் டவுனுக்குப் போய்த் தேரடியைச் சுற்றிவிட்டு வருவதற்குள் பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும்.

சித்திரை, வைகாசியில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். 14.4 வோல்ட் என்பது 25 டிகிரி சூட்டுக்குச் சொல்லும் கணக்கு. சூடு ஒரு டிகிரி கூடினால் சுமார் 20 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். நம் ஊர் 40 டிகிரியில் 14.1 போதும். வெப்பத்துக்கு ஏற்ப தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் நல்லது. இல்லாவிட்டால் மத்தியான வெயிலில் போடாமல் வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

வீட்டில் எங்கே வைத்து சார்ஜ் போடுவது?

மேலே திறந்த முற்றம், காற்று குறுக்கே போகிற வராந்தா, கதவைத் திறந்து வைத்த கார் ஷெட். இந்த மூன்றில் எது உங்கள் வீட்டில் இருக்கிறதோ அங்கே. பட்டாசலில், அதாவது ஹாலில், ஃபேனுக்கு அடியில் வைப்பது, ஏ.சி. அறை, படுக்கிற அறை, அடுக்களைக்குப் பக்கம் எல்லாம் கூடாது. வளவு வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பந்து எடுக்க ஓடி வரும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பேட்டரி நிறைய நிறைய உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். "பெரிய ஹால்தானே, அவ்வளவு வாயு எங்கே சேரப் போகிறது?" என்று படித்த பையன்கள் கேட்கிறார்கள். ஹால் நிறைய வேண்டியதில்லை. பேட்டரியின் மூடி வாயிலும், செல்லுக்குள் தண்ணீருக்கு மேலே இருக்கிற கொஞ்ச இடத்திலும் சேர்ந்தால் போதும்.

நான் தொழில் கற்ற பட்டறையில் இதை நேரில் பார்த்தேன், என் கையாலேயே. அப்போது பத்தொன்பது வயது. சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கிளிப்பைப் பிடுங்கினேன். நீலமாக ஒரு சின்னப் பொறி. லட்சுமி வெடி மாதிரி ஒரு சத்தம், மேல் மூடி நடுவில் பிளந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. முகத்தில் என்னவோ சில்லென்று பட்டது, அப்புறம் எரிந்தது. முதலாளி ஒன்றும் பேசாமல் என் பிடரியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். முக்கி எடுத்து, முக்கி எடுத்து, நான் அழுதும் விடவில்லை. கண் தப்பியது அதனால்தான். சட்டை அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அம்மா துவைத்துப் பிழிந்தபோது மார்புப் பக்கம் முழுக்கச் சல்லடையாகக் கையோடு வந்தது. ஆசிட் பட்ட பருத்தித் துணி எப்போதும் அப்படித்தான், துவைக்கிற வரை காட்டிக்கொடுக்காது.

ஆக, பக்கத்தில் பீடி, விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கையில் செல்போன் டார்ச் இருக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள்.

எந்த கிளிப்பை முதலில் மாட்டுவது?

சார்ஜர் பிளக் சுவரில் இல்லாதபோதே எல்லாம் மாட்ட வேண்டும். முதலில் சிவப்பு, பிளஸ்ஸில். அடுத்து கறுப்பு, மைனஸில். கிளிப்பின் பல் ஈயத்தில் நன்றாகக் கடித்திருக்கிறதா என்று லேசாக ஆட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறம்தான் பிளக்கைச் சொருகி சுவிட்ச் போட வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கறுப்பு, பிறகு சிவப்பு. பொறி பறப்பது கரண்ட் ஓடும்போது இணைப்பைத் தொடுவதாலும் பிரிப்பதாலும்தான். என் சட்டை போனதும் அதனால்தான்.

பேட்டரி காரிலேயே இருந்தால் சின்ன மாற்றம். கறுப்பு கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினிலோ பாடியிலோ பெயின்ட் இல்லாத தடித்த இரும்பில், பேட்டரியிலிருந்து ஓரடியாவது தள்ளி மாட்டுங்கள். பொறி வந்தாலும் வாயு இல்லாத இடத்தில் வரும்.

பிளஸ் மைனஸ் குழம்பினால் நிறத்தை நம்பாதீர்கள். முன்பு யாராவது கறுப்பு ஒயரைப் பிளஸ்ஸில் போட்டு வைத்திருப்பார்கள். பேட்டரியின் பிளாஸ்டிக்கிலேயே + − அச்சடித்திருக்கும். பெரும்பாலும் பிளஸ் குமிழ் மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் இருக்கும்.

காரிலிருந்து கழற்றித்தான் சார்ஜ் போட வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆட்டோமேட்டிக் சார்ஜராக இருந்து, கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் பானட்டைத் திறந்து வைத்து அங்கேயே போடலாம். தகரப் பெட்டி சார்ஜர் என்றால் கழற்றிவிடுங்கள். அதன் வோல்ட்டேஜ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, காரின் கம்ப்யூட்டர் தாங்காது. சார்ஜரில் 'ரிப்பேர்' மாதிரி ஏதாவது மோட் இருந்தாலும் அதைக் கார் ஒயரோடு சேர்ந்திருக்கும்போது போடாதீர்கள். அது 15 வோல்ட்டைத் தாண்டும்.

கழற்றுகிற முறையில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மோதிரம், கைச்செயின், உலோக வாட்ச் எல்லாவற்றையும் முதலில் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். பிறகு 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ். எப்போதும் மைனஸ் முதலில். காரின் பாடி முழுக்க மைனஸ்தான். பிளஸ்ஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும், ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு சிவக்கும். நடுவில் உங்கள் மோதிரம் இருந்தால் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மைனஸ் கழன்றுவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை, பிளஸ்ஸை நிம்மதியாகக் கழற்றலாம். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. கடிகாரம், ரேடியோ, பவர் விண்டோ போன்றவை அமைத்ததை மறந்திருக்கலாம். அது கோளாறு இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? கரண்ட் பில் எகிறுமா?

35 ஏ.எச். பேட்டரி சுத்தமாகக் காலியாகி, மூன்றரை ஆம்பியரில் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பாதி இருந்தால் ஆறேழு மணி. பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், வீணாகிறதையும் சேர்த்து ஒரு யூனிட்கூட ஆகாது.

"ஒரு மணி நேரத்தில் பூஸ்ட் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பவர்களுக்கு நாங்களும் போட்டுத் தருகிறோம். வண்டியைக் கிளப்ப அது போதும், பேட்டரிக்கு நல்லதில்லை.

ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாமா? நடுவில் கரண்ட் போனால்?

ஆட்டோமேட்டிக் சார்ஜர், திறந்த இடம், இரண்டும் இருந்தால் தூங்கலாம். முதல் இரண்டு மணி நேரம் மட்டும் விழித்திருந்து, அரை மணிக்கு ஒருமுறை பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் சில சார்ஜர் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும், சிலவற்றில் பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். உங்களுடையது எந்த ரகம் என்று வாங்கின அன்றைக்கே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒயர் நீளம் போதாமல் எக்ஸ்டென்ஷன் போட்டால் அந்தச் சந்திப்பு ஈரத்தில் கிடக்கக் கூடாது. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுகிற பழக்கம் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்கிறதே?

கடைசிக் கட்டத்தில் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி மெல்லிய சத்தம் வருவது இயல்பு. சோறு கொதிக்கிற மாதிரி கேட்டால், அல்லது பக்கவாட்டில் கை வைத்துப் பொறுக்க முடியாத சூடு இருந்தால், அல்லது அழுகிய முட்டை வாடை வந்தால், கிளிப்பைத் தொடாமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். ஒரு மணி நேரம் ஆறட்டும். பேட்டரியின் வயிறு உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போட நினைக்கவே வேண்டாம். வெடிப்பு, கசிவு இருந்தாலும் அப்படித்தான்.

மூடியைக் கழற்றி வைக்க வேண்டுமா?

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஆறு மூடியையும் கழற்றி வரிசையாக வைப்போம். இப்போதைய மூடிகளில் வாயு போக நுண்ணிய துளை இருக்கிறது. அது மண்ணால் அடைபடாமல் இருந்தால் மூடியபடியே இருக்கட்டும், ஆசிட் தெறிக்காது. பேட்டரியோடு வந்த தாளில் கழற்றச் சொல்லியிருந்தால் தாள் சொல்வதுதான் சரி. மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று சீல் வைத்து வருவதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள்.

டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டுமா? தாமிரபரணித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே?

குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் ஏது? பேட்டரிக்கு அது ஆகாது. ஆற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் நமக்கு ருசி, பிளேட்டுக்கு அழுக்கு. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஆவி குளிர்ந்து வந்ததுதான், ஆனால் காயிலில் இருக்கும் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. டிஸ்டில்டு வாட்டர் என்ன விலை விற்கிறது? ஒரு கேன் வாங்கி வைத்தால் வருஷம் ஓடிவிடும்.

எப்போது ஊற்றுவது என்பதுதான் முக்கியம். சார்ஜ் போட்டால் உள்ளே மட்டம் கொஞ்சம் ஏறும். முதலிலேயே கோடு வரை நிரப்பிவிட்டால் பொங்கி மேலே வழியும், அப்புறம் பேட்டரி உட்காருகிற ட்ரே அரிக்கும். பிளேட் வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி சார்ஜ் போடுங்கள். சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு கோடு வரை நிரப்புங்கள். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. பேட்டரி கவிழ்ந்து கொட்டியிருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்து அளவாகச் சேர்க்க வேண்டும். முழு சார்ஜில் எல்லா செல்லும் அதில் 1250 பக்கம் காட்ட வேண்டும். ஐந்து செல் 1250 காட்டி ஒன்று மட்டும் 1190 காட்டினால் அந்த செல்லுக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

ஆசிட் கையிலோ கண்ணிலோ பட்டால்?

தண்ணீர், நிறையத் தண்ணீர், உடனே. கையில் பட்டால் குழாயடியில் பதினைந்து நிமிஷம் காட்டுங்கள். துணியில் பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், வெட்கப்படுகிற நேரம் இல்லை.

கண் என்றால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிற மாதிரி இருபது நிமிஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் பிறகு கண் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. தண்ணீர் ஊற்றாமல் ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள், போகிற நேரத்தில் கண் போய்விடும். தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு என்று சொல்கிற பெரியவர்களை அன்போடு ஓரம் நிற்கச் சொல்லுங்கள். ஆப்பசோடா தரையில் சிந்தின ஆசிட்டுக்கும் டெர்மினலில் பூத்திருப்பதற்கும் நல்ல மருந்து, கண்ணில் போடக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போடுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை எப்படி எடுப்பது?

கிளாம்ப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, மாட்டி, மேலே வாசலின் பூசுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், இரண்டு வெயிலில் காய்ந்து போகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்டி சார்ஜ் ஏற்றலாமா?

வேண்டாம். இன்வெர்ட்டர் 150 ஏ.எச். பேட்டரிக்காகச் செய்தது, பத்துப் பதினைந்து ஆம்பியர் தள்ளும். 35 ஏ.எச். பேட்டரி அதைத் தாங்காது. லேப்டாப் சார்ஜரின் ஒயரை வெட்டி மாட்டுவது, 12 வோல்ட் சோலார் பேனலை நேரே மாட்டுவது இரண்டும் அதே கதைதான். 12 வோல்ட் என்று விற்கிற பேனல் வெயிலில் சும்மா இருக்கும்போது 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும், நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். கார் சார்ஜரில் பைக் பேட்டரியைப் போடுவதும் தப்பு, சார்ஜரில் பைக்குக்கென்று தனி மோட் இருந்தாலொழிய.

பேட்டரியைத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமாமே?

அந்தக் காலத்து மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்குச் சொன்ன பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஒரு பலகை போட்டு வையுங்கள். ஆசிட் சிந்தினால் சிமென்ட் தரை பொரிந்து போகும், வீட்டில் ஏச்சு வாங்க முடியாது.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டு, ஒரு சுற்று ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடாதா?

குற்றாலம் சீசனில் ஐந்தருவிப் பக்கம் ஹெட்லைட்டை அணைக்காமல் குளிக்கப் போய், நனைந்த துண்டோடு ஜம்பர் கேபிள் தேடுகிறவர்களைப் பார்க்கலாம். அவசரத்துக்கு அது சரிதான். சிவப்பை முதலில் இறங்கின பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இறங்கின காரின் இன்ஜின் இரும்பில்.

கிளப்பியது வேறு, சார்ஜ் ஏறுவது வேறு. பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை ஏ.சி.யும் போட்டு சிக்னலில் நின்று நின்று போய் வந்தால் செல்ஃப் அடித்ததில் செலவானதுதான் திரும்பும். திருச்செந்தூர் வரை போய் வந்தால் ஓரளவு ஏறும். சுத்தமாக இறங்கிய பேட்டரியை, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட்டால் அதுவும் சூடாகும். வீடு வந்ததும் ஒரு ராத்திரி சார்ஜரில் போடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் பேட்டரிக்கு சார்ஜ் போடலாமா?

2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு எங்கள் கடை வாசலில் சேறு பிடித்த பேட்டரிகள் வரிசையாக இருந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. சாவியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் செலவு அதிகம், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும். அப்படி நின்ற காரில் முதல் வேலை மைனஸைக் கழற்றுவது. பிறகு பேட்டரியை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காயவையுங்கள். சீல் வைத்த பேட்டரி என்றால் பெரும்பாலும் பிழைக்கும். மூடி உள்ள பேட்டரிக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால், அதிலும் கடலோரத்து உப்புத் தண்ணீர் என்றால், வீட்டில் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். கடையில் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

வண்டி ஊரில் நிற்கிறது, நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறோம். என்ன செய்வது?

நிற்கிற காரும் கரண்ட் தின்னும். கடிகாரம், லாக், திருட்டு அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். மூன்று வாரத்தில் 25 போய்விடும், 35 ஏ.எச். பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? வெளியில் வாங்கி மாட்டிய கேமரா, ஜி.பி.எஸ். இருந்தால் இன்னும் சீக்கிரம். இறங்கிய பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டால் பிளேட்டில் சல்பேட் இறுகிப்போகும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது. புது பேட்டரி ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

கிளம்புகிற அன்றைக்கு முழு சார்ஜ் போட்டு மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஸ்பேனரை டேஷ்போர்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். பேட்டரி இல்லாத காரில் ரிமோட் வேலை செய்யாது, சாவியால்தான் திறக்க வேண்டும். அந்தச் சாவித் துவாரம் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகக் கிடந்தாலும் நம் ஊர்ச் சூட்டில் பேட்டரி மெல்ல இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது மீட்டர் வைத்துப் பார்த்து, 12.4-க்குக் கீழே வந்தால் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டால் போதும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லி மாமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாமாவும் செய்கிறார், பேட்டரியும் இறங்குகிறது. பத்து நிமிஷ ஐடிலில் ஒன்றும் ஏறாது.

சிக்னலில் தானே அணைந்து ஓடுகிற புது ரகக் கார் என்னுடையது. அதற்கும் இதேதானா?

அதில் இருப்பது வேறு மாதிரி பேட்டரி. மேலே ஏ.ஜி.எம். என்றோ இ.எஃப்.பி. என்றோ எழுதியிருக்கும். சார்ஜரிலும் அதற்குரிய மோட் இருக்க வேண்டும். மைனஸ் டெர்மினலில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்திருந்தால் கறுப்பு கிளிப்பை அங்கே மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி நிறைந்தது காருக்குத் தெரியாது.

சார்ஜ் நிற்காத பழைய பேட்டரியை என்ன செய்வது?

முழு சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி சும்மா வைத்து, காலையில் பாருங்கள். 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால், அல்லது செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6-க்குக் கீழே விழுந்தால், மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கொடுத்தால் புதிதில் விலை குறைப்பார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. தெருவில் எடைக்கு எடுப்பவரிடம் போடாதீர்கள். அவர்கள் ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை அடுப்பில் உருக்குவார்கள், அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. கடைக்குக் கொண்டுவரும்போது நிமிர்த்தி, இரண்டு பக்கமும் சாக்கு சுருட்டி அண்டக் கொடுத்து, டெர்மினல் இரண்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொண்டுவாருங்கள்.